பின்னால் நின்ற கிணறு

கமராப் பையைத் திறந்தால் கட்டாக் கருவாடு மணக்கும்.

லென்ஸ் துடைக்கிற துணியில். பற்றரி மூடியில். என் விரல் இடுக்கில்... எத்தனை தரம் கழுவினாலும் போகாது.

மன்னார் ரவுணில் ஒரு ஸ்ரூடியோ. கல்யாண வீடியோ, சேர்ச்சில் பிள்ளைகளின் முதல்நன்மைப் படம், அடையாள அட்டைப் படம். நான் கம்பஸ் படிப்பு முடித்துவிட்டு வந்த புதிது. சண்டை முடிந்து, சனம் தகரமும் தறப்பாளுமாகத் தங்கள் காணிகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம். முதலாளி ராஜன் அண்ணை, இனி ஃபேஸ்புக்கிலும் விளம்பரம் செய்வோம் என்று துணிந்தார்.

ஜெசி அங்கே லமினேற் பண்ணுகிறவள். தலைமன்னார்க்காரி. ஓ.எல்., பதினோராம் வகுப்பு வரை படித்தவள். அந்த நாட்களில் இதையெல்லாம் மனதுக்குள் அடிக்கடி சொல்லிக்கொள்வேன்... ஒரு மருந்து மாதிரி.

முதல் வேலை, வெள்ளாங்குளத்துக்குக் கிட்ட ஒரு கரையோரக் கிராமம். மீளக் குடியேறிய பெண்கள் சேர்ந்து கருவாடு போட்டார்கள். கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற ஊர்ச்சனம் வீடியோவைப் பார்த்து ஓடர் தர வேண்டும்.

என் வீடியோவை இப்போதும் ஒவ்வொரு ஷொட்டாகச் சொல்வேன். விடிகாலைக் கடல். உப்புப் படிந்த கை. மெல்லத் திரும்பும் பிலோமினா அக்காவின் முகம். புது லென்ஸ். அவருக்குப் பின்னால் உலகமே கரைந்து ஒரு மங்கல் நிறமாக நிற்கும். அந்த மங்கலுக்காகத்தான் அந்த லென்ஸை வாங்கவே சொன்னேன்.

ஆறாவது செக்கனில் எல்லாரும் போய்விட்டார்கள்.

பார்த்தவர்கள் எந்த இடத்தில் விட்டுப் போகிறார்கள் என்று காட்டுகிற கோடு ஒன்று உண்டு. என் கோடு கிணற்றுக்குள் போட்ட கல்.

ஜெசி அன்றைக்கு எனக்கு வெளிச்சத் தட்டி பிடிக்க வந்தவள். நான் சூரியனுக்காகக் காத்திருந்த நேரத்தில், தன் ஃபோனை ஒரு மீன்பெட்டியில் சாய்த்துவைத்து அக்காவைக் கதைக்கவிட்டிருக்கிறாள். வெட்டு இல்லை, மியூசிக் இல்லை. அக்கா கருவாட்டைப் புரட்டிப் புரட்டி, சீலா எப்படி, கட்டா எப்படி என்று சொல்கிறார். பின்னால் எல்லாமே துலக்கமாகத் தெரிகிறது. கூரையில்லாத கோயில். கட்டு உடைந்த கிணறு. தறப்பாள் வீடுகள்.

ராஜன் அண்ணை அதையும் போட்டார். சனம் கடைசிவரை நின்றது.

கீழே எழுதியவர்களில் கருவாட்டைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு.

"அக்காக்குப் பின்னால நிக்கிற கிணறு எங்கட அப்பு வெட்டினது."

"கொஞ்சம் இடப்பக்கம் திருப்பிக் காட்டுங்கோ, எங்கட வளவு அதிலதான்."

நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள். பார்த்த கையோடு ஓடரும் தந்தார்கள்.

"தம்பி, நீ படிச்சனி. ஏன் இதை மட்டும் இப்பிடிப் பாக்குதுகள்?" ராஜன் அண்ணை கேட்டார்.

"லக் அண்ணை."

எனக்குக் காரணம் தெரிந்திருந்தது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

ஜெசி இரண்டாவது வீடியோவை எடுத்தாள். இடப்பக்கம் கேட்டவர்களுக்காக, பிலோமினா அக்காவையும் கருவாட்டையும் ஊரின் மற்றக் கரைக்குக் கொண்டுபோய் இருத்தியிருந்தாள். என்னிடம் தந்தாள்.

"கலர் மட்டும் ஒருக்காப் பாருங்கோ அண்ணா. எனக்கு அது விளங்காது."

கலர் பார்த்தேன். பிறகு அக்காவைச் சுற்றி ஒரு கோடு கீறி, பின்னால் இருந்த எல்லாவற்றையும் மங்கலாக்கினேன். ஒரு பகல் முழுக்க அந்த வேலை. எடுப்பாக வந்திருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஜெசிக்குக் காட்டாமல் ஏற்றிவிட்டேன்.

"பின்னால என்னத்தை மறைச்சிருக்கிறியள்?" முதல் ஆள்.

"எங்கட காணியில இப்ப ஆர் இருக்கினம்? உண்மையைச் சொல்லுங்கோ."

அங்கே காணி என்பது சும்மா சொல் இல்லை. யார் பிடித்தது, யார் விடவில்லை என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை இருந்த காலம். ஒரு மங்கலுக்குள் சனம் முள்ளுக்கம்பியைப் பார்த்தது. கனடாவிலிருந்து பிலோமினா அக்காவுக்குக் கோல் மேல் கோல். அவர் ஸ்ரூடியோவுக்கு எடுத்துக் கத்தினார்.

"பிள்ளை, உன்னை நம்பித்தானே முகத்தைக் காட்டினனான்! இப்ப நான் காணியை வித்துப்போட்டனெண்டு கதைக்கினமாம்!"

ஜெசி ஃபோனைக் காதில் வைத்தபடி என்னைப் பார்த்தாள். என் பெயரைச் சொல்லவில்லை. "என்ர பிழை அக்கா, இப்ப மாத்திறன்" என்றாள். தன் பழைய ஃபைலையே மறுபடி ஏற்றினாள்.

பிறகு, லமினேற் மெஷின் சூடாகிற வரைக்கும் காத்திருந்தபடி கேட்டாள்.

"அண்ணா, நீங்கள் முசலிப் பக்கமெல்லோ? உங்கட வளவு எதெண்டு தெரியுமோ?"

"சின்னனில வெளிக்கிட்டது. ஞாபகமில்லை."

"ஓம்... அதான்."

திட்டியிருக்கலாம். அந்த "அதான்" இன்னும் ஆறவில்லை.

இப்போது கொழும்பில், ஏசி அறையில், அதே வேலை. முதல் மூன்று செக்கனுக்குள் ஆளைப் பிடிக்கத் தெரியும். எந்த இடத்தில் எழுத்து விழ வேண்டும், எதில் ஒரு முகம் சிரிக்க வேண்டும், எல்லாம் அத்துப்படி. கோடும் முன்னைப்போல் விழுவதில்லை. ஆனால் என் வீடியோவை நிறுத்தி ஒருவரும் தங்கள் கிணற்றைத் தேடியதில்லை.

ஜெசி மன்னாரிலேயே இருக்கிறாள். தனிப் பேஜ். இன்னும் ஃபோனை எதிலாவது சாய்த்துத்தான் எடுக்கிறாள்.

போன கிழமை அவளுடைய பேஜில் ஒன்று வந்தது. முசலிப் பக்கம், யாரோ ஒருவர் தயிர்ச்சட்டியோடு நின்று விலை சொல்கிறார். அவருக்குப் பின்னால் ஒரு பாதி மதில், ஒரு பட்ட புளியமரம். நிறுத்தினேன். பெரிதாக்கிப் பார்த்தேன். அம்மாவுக்கு அனுப்பினேன்.

"இதுதான் எங்கட வளவு. மரத்துக்கு அங்கால குசினி, அதிலதான் சமைச்சனான்" என்று அம்மா வொய்ஸ் போட்டார்.

கடைசிவரை பார்த்தேன். பிறகு முதலிலிருந்து இன்னொரு தரம்.

லைக் போடவில்லை.