பனிமூட்டத்தில் ஒரு டீம்

வளைகுடாவில் நாங்கள் இருந்த சத்வாவில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் குடியிருந்த ஐரிஷ்காரக் கிழவருக்கு டிரைவர், சமையல்காரர், தாதி எல்லாமே என் மாமாதான். கிழவர் இளமையில் அயர்லாந்தில் கோல்கீப்பராக நின்றவராம். பிறகு இங்கே மணல் மைதானங்களில் கால்பந்து சொல்லிக்கொடுத்தே வயதானவராம். எல்லோருக்கும் அவர் கோச். கூடத்தில் அவருடைய பழைய டீமின் படம் தொங்கியது. நடுவில் பந்தை மடியில் வைத்திருக்கும் டேனிதான் அவர். மற்ற முகங்களின் மீது ஒவ்வொன்றாக விரலை வைத்து, பெயரைச் சொல்லி, "கலாஸ்" என்பார். செத்துப்போனார்கள் என்று அர்த்தம். எனக்கு ஏழு வயது. அந்தக் கூடத்தில் தனியாக நிற்கவே மாட்டேன்.

கடைசியில் அவருக்கு ஞாபகம் கலங்கிவிட்டது. ஊருக்கு அழைத்துப்போக மகன் வந்தார். விசாவும் முடிகிற நேரம். கிழவரோ கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டார்.

"டீம் கிதர்? டீம் மாஃபி, பிளைட் மாஃபி!"

டீம் வராமல் விமானம் ஏற மாட்டாராம். மகன் பெட்டிகளோடு விமான நிலையத்தில் காத்திருக்க, மாமா காரை எடுத்தார். "யல்லா கோச், டீம் முவைலாவுல நிக்குது." வழியனுப்ப நானும் தொற்றிக்கொண்டேன். "பாப்பா, நீ வாயத் தொறக்கக் கூடாது" என்று எனக்கு உத்தரவு.

முவைலாவில் அன்று காலை அப்படியொரு பனிமூட்டம். கிரேன்களின் தலை மட்டும் மேலே தெரிந்தது. தொழிலாளர் கேம்புக்குப் பின்னாலிருந்த மணல்வெளியில் கோச் இறங்கி, என் கையைப் பிடித்துக்கொண்டு கூப்பிட ஆரம்பித்தார்.

"ஜிம்மி!"

"எஸ் கோச்" என்று பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. ஆளைக் காணோம்.

"பேடி!"

"எஸ் கோச்."

அத்தனையும் சுவரில் தொங்கிய பெயர்கள். ஓடலாமென்றால் கை அவர் பிடியில்.

கடைசியாக, "டேனி!" என்றார்.

பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். மாமா திகைத்துப்போய் நின்றார். சந்தையில் தொலைந்துபோன பிள்ளையைப் போலக் கோச் என்னைப் பார்த்து, "டேனி மாஃபி?" என்றார்.

அழுதுகொண்டே, "எஸ் கோச்" என்றேன்.

"அச்சா. டீம் ஃபுல்." தானாகவே நடந்துபோய்க் காரில் உட்கார்ந்துகொண்டார்.

பனியிலிருந்து லுங்கியும் ஸ்வெட்டருமாக மாமாவின் ஊர்க்காரர்கள் வெளியே வந்தார்கள். பந்தை உதைத்தே அறியாத கம்பி கட்டும் ஆட்கள். படத்திலிருந்த பெயர்களை மாமா ஆளுக்கொன்றாகப் பங்கிட்டிருக்கிறார். டேனிதான் பக்கத்திலேயே நிற்கப்போகிறாரே என்று அந்தப் பெயரை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை.

பேய் இல்லையென்று தெரிந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு யாரும் சிரிக்கவில்லை. மாமா காரில் ஏறி, ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். எல்லோரும்தான் வந்துவிட்டார்களே, பிறகு எதற்கு அழுகிறார் என்று எனக்கு விளங்கவேயில்லை.