நேற்று ஓடிய கார்

கார் ஒன்று ஸ்டார்ட் ஆகாவிட்டால் எங்கள் வீட்டில் எல்லாரும் வைத்தியர்கள். அம்மாவைக் கேட்டால் கண்ணூறு நாவூறு என்பார். அச்சுவேலி மாமாவிடம் எந்த வாகனத்தின் எந்த வருத்தத்துக்கும் ஒரே மருந்துதான் இருந்தது, பெற்றோல். எனக்குக் கார்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் பதறுவதில் அன்றைக்கும் இன்றைக்கும் என்னை வெல்ல எங்கள் ஊர் சண்டிலிப்பாயில் ஆள் இல்லை.

சண்டை நின்று கொழும்புப் பாதை திறந்த வருடம் அது. நான் ஏழாம் வகுப்பு. அக்காவுக்கு லண்டனில் மாப்பிள்ளை சரிவந்து, விசாவும் வந்துவிட்டிருந்தது. பத்து மணிக்கு யாழ்ப்பாணத்தில் கொழும்பு பஸ் பிடிக்க வேண்டும். பஸ்ஸை விட்டால் விமானத்தையும் விட வேண்டியதுதான். விமானத்தை விட்டால், லண்டனிலிருந்து அக்கா எனக்கு அனுப்புவதாகச் சொன்ன ரிமோட் கார் என்ன ஆவது? வகுப்பில் அதன் நிறம் வரைக்கும் சொல்லிவைத்திருந்தேன்.

அப்பா ஒரு காலத்தில் வாடகைக் கார் ஓடியவர். டீசல் எஞ்சின் பூட்டிய பழைய கறுப்புக் கார். சண்டைக் காலத்தில் எண்ணெய்க்குத் தடை வந்தபோது அதைக் கல்லில் ஏற்றிச் சாக்கால் மூடிவிட்டார். எனக்குத் தெரிந்த நாள் முதல் அதன் பின்சீற்றில் ஏதாவது ஒரு கோழி அடைகிடக்கும். அக்காவின் பயணம் நிச்சயமானதும் அப்பா கோழியை இறக்கினார். ஒரு கிழமை தனியே கிடந்து டீசல் தாங்கியைக் கழுவினார், பில்டர் மாற்றினார், யாரோ ஒருவரின் உழவு இயந்திரத்துப் பற்றரியை இரவல் வாங்கிப் பூட்டினார். முதல்நாள் பின்னேரம் கார் ஓடியதாம். நான் ரியூசனில் இருந்ததால் பார்க்கவில்லை. வீட்டுக்கு வரும்போது ஒழுங்கை முழுக்கப் புகை மணம்.

நேற்று ஓடிய கார் இன்று காலையில் ஓட மாட்டேன் என்றது. சாவித் துவாரத்தில் திறப்பைத் திருப்பினால் எஞ்சின் சுற்றியது, ஆனால் பற்றவில்லை. புகைகூட வரவில்லை. டீசல் குழாய்க்குள் காற்றுப் புகுந்திருக்கும் என்றார் அப்பா. பம்பின் ஆணியை இளக்கி, கையால் அடித்து அடித்துக் காற்றெடுத்தார். குமிழி நின்று டீசல் ஒழுகியது. ஆணியை இறுக்கினார். என்னைச் சாரதி ஆசனத்தில் இருத்தி, திறப்பைத் திருப்பச் சொன்னார். ஒன்றுமில்லை. மறுபடியும் ஆணி, மறுபடியும் காற்று. அப்பா அவசரப்படவேயில்லை. அவருக்கும் சேர்த்து நான் அவசரப்பட்டேன். நல்லூரானுக்கு ஒரு தேங்காய், மருதடிப் பிள்ளையாருக்கு ஒன்று என்று நேர்ந்துகொண்டே போனதில், கடைசியில் எந்தச் சாமிக்கு எத்தனை என்று குழம்பிவிட்டேன்.

அக்கா புதுச் சீலையோடு வாசலில் நின்றார். முகம் கழுவிப் பவுடர் போட்டும் கண் வீங்கித்தான் இருந்தது. முச்சந்திக்குப் போய் ஓட்டோ ஒன்று பிடிப்போம் என்று அம்மா மூன்றாந்தரம் சொன்னபோது அப்பா தலையை நிமிர்த்தாமல் சொன்னார்:

"என்ரை பிள்ளை என்ரை காரிலைதான் போகும்."

அப்போதுதான் மாமா வந்து சேர்ந்தார். அக்காவை வழியனுப்ப வந்தவர், காரைக் கண்டதும் அக்காவை மறந்துவிட்டார். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய காலத்தில், மூடியில் ஓட்டை போட்ட சின்னப் போத்தலால் நாலு துளி பெற்றோல் விசிறி எஞ்சினை எழுப்புவார்கள். தட்டுப்பாடு போய்விட்டது, ஆனால் மாமாவின் சட்டைப் பையிலிருந்து போத்தல் போகவில்லை.

"அத்தான், உது டீசல் எண்டு எனக்கும் தெரியும். கொஞ்சம் விலகுங்கோ."

அப்பா விலகினார். மாமா காற்றுப் போகும் வாயில் போத்தலை அமத்தினார், பழைய பழக்கத்தில் கொஞ்சம் தாராளமாக. "திருப்படா மருமோன்" என்றார். திருப்பினேன்.

டமார்.

அந்த வெடிக்கு முற்றத்தில் நின்ற எல்லாரும் ஒரே நேரத்தில் குப்புற விழுந்தார்கள். சண்டை நின்றது செய்தியில்தான், எங்கள் முழங்கால்களுக்கு யாரும் இன்னும் சொல்லவில்லை. எல்லாரையும் விடப் பலமாகக் கத்தியது நான். 'அம்மா' என்று கத்தி ஸ்டியரிங்குக்குக் கீழே தலையைச் செருகியபோது, வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு கறுப்புப் பிடியில் நெற்றி மோதியது. பிடி உள்ளே போனது. பயத்தில் என் கை திறப்பை விட மறந்து இன்னும் முறுக்கிக்கொண்டே இருந்தது. கார் குலுங்கி, செருமி, ஓடத் தொடங்கியது.

கார்தான் ஓடுகிறது என்று நம்பி எல்லாரும் எழும்பக் கொஞ்ச நேரம் எடுத்தது. எல்லாரும் சீலை வேட்டியெல்லாம் தட்டி முடிந்தபின் மாமா உள்ளே எட்டிப் பார்த்தார். என் நெற்றியைப் பார்த்தார், பிடியைப் பார்த்தார். அது எஞ்சினை நிறுத்த இழுக்கிற பிடி. அது வெளியே கிடந்தால் எஞ்சினுக்குள் டீசல் போகாது. எத்தனை முறை காற்றெடுத்தும் பயனில்லை.

"அத்தான், நித்திரையிலை எழுப்பினாலும் உந்தப் பிடியைத் தொட்டுக் காட்டுவியள். இதை மறந்துபோட்டோ விடியக் காலமை துவங்கிக் காத்தெடுத்தனீங்கள்?"

"ஓம், மறந்துபோனன்" என்றார் அப்பா.

அம்மா அவரைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் அக்காவின் பெட்டியைத் தூக்கக் குனிந்தார். அப்பா பழந்துணியால் கையைத் துடைத்தார். டீசல் போனபின்னும் துடைத்துக்கொண்டே நின்றார். பிறகு என் தலையில் கை வைத்து, "கெட்டிக்காரன்" என்றார். அந்தச் சொல்லை அவ்வளவு களைப்போடு அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

அக்கா முன்சீற்றில், நானும் அம்மாவும் பின்னால். மாமா சைக்கிளில் எங்களுக்கு முன்னால் போய்விட்டார். சைக்கிள் மட்டுமல்ல, மானிப்பாயில் வெங்காயம் ஏற்றிய லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரமும் எங்களை முந்தியது. அப்பா இரண்டாவது கியரிலேயே போனார். ஒவ்வொரு சந்தியிலும் நின்று, வராத வாகனத்துக்கெல்லாம் இடம் விட்டார். அக்கா மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தார்.

அன்று காலை காரைக் குணப்படுத்திய வைத்தியன் நான். வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா? முன்சீற்றுக்கிடையில் தலையை நீட்டி என் முடிவைச் சொன்னேன்.

"அப்பா, பம்பிலை இன்னும் காத்து இருக்குது. அதுதான் இழுக்குதில்லை."

அப்பா வீதியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஓமடா தம்பி" என்றார். "கொஞ்சம் இருக்குத்தான்."

என் கணிப்புச் சரியென்ற பெருமையில் பின்னால் சாய்ந்துகொண்டேன்.