பட்டாளம் மாமாவும் இன்ஸ்பெக்டர் குரலும்

தபால் வேலையில் அலைச்சல் நிச்சயம், நன்றி சந்தேகம். பை சுமக்கும் சக ஜீவன்களே, உங்களைச் சிரிக்கவைக்கிறேன்; ஆனால் உடனே இல்லை. பொன்முடி பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல் கொஞ்சம் பொறுங்கள்.

அட்டை

மலையடிவாரத் தபாலாபீசில் நான் பத்தொன்பது வயதுப் பெண், வேலைக்குப் புதுசு. கூட வேலை பார்க்கும் தங்கப்பன் ஊருக்கே பட்டாளம் மாமா. பனிமலைச் சண்டையில் குண்டடி பட்டவரைச் சுமந்துவந்து மெடல் வாங்கியவர். எஸ்டேட் கடிதங்களை எஸ்டேட் ஆபீசில் போட்டுவிட்டு வருவதுதான் வழக்கம். மாமா மட்டும் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாய் ஏறி, ஆளின் கையிலேயே கொடுப்பார்.

ஒரு மழைநாளில் காலில் அட்டை ஏற, மாமா அலறிக் குதித்தார். கொழுந்து பறிக்கும் பொன்னம்மாக்கா சொன்னாள்: "எதிரிக்காரன் துப்பாக்கிக்குப் பதிலா ரெண்டு அட்டையை விட்டிருந்தாப் போதுமே மாமா!"

அட்டென்ஷன்

எனக்கு எல்லார் குரலும் வரும். கண்டக்டர், டீக்கடைக்காரர், முக்கியமாய் எங்கள் தபால் இன்ஸ்பெக்டர். மாமாவுக்கோ நம்பர் பார்த்துப் போன் எடுக்கும் பழக்கமே இல்லை. ஒருநாள் பின்னறையிலிருந்து இன்ஸ்பெக்டர் குரலில் போன் போட்டேன்: "தங்கப்பனல்லே? யூனிபாரம் சரியில்லைன்னு கம்ப்ளெயின்ட் உண்டு. அட்டென்ஷன்!"

"எஸ் சார்!" ஐந்து நிமிடம் அசையாமல் நின்றார். போஸ்ட்மாஸ்டரம்மா சிரித்துக் காட்டிக்கொடுத்துவிட்டார். மாமா என்னிடம் வந்தார்: "குரல் அசல்தான் மோளே. ஆனா இனி ஏமாற இந்தத் தங்கப்பன் கிடைக்கமாட்டான், கேட்டோ!"

மண்சரிவு

லயத்துப் பெண் முத்துலட்சுமிக்கு நர்சிங் சீட்டுக்கு இன்டர்வியூ. கடிதத்தைக் காட்டாமல் உள்ளே விடமாட்டார்களாம். ஒரு வாரமாகத் தினமும் வந்து கேட்டாள். வந்ததோ இன்டர்வியூவுக்கு முந்தைய நாள்தான். அன்றைக்கென்று மண் சரிந்து பஸ்ஸும் நின்றது. மாமா பையை மாட்டிக்கொண்டு நடந்தே மலையேறினார்.

மாலையில் சொட்டச் சொட்ட இறங்கி வந்தவர், "லெட்டர் குடுத்தாச்சு!" என்று முழங்கினார். பிறகு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "நான் மூணாவது வளைவுல போறப்போ போன் போட்டு, 'வழி ப்ளாக்கு, பையோட திரும்பி வா'ன்னியே, ஏமாந்தேனா? 'குரல் இன்னிக்குச் சுமார்தான், போய்ச் சோலியைப் பாரு'ன்னு வச்சேன் பாத்தியா!"

நான் போனே பண்ணவில்லை. ஆனால் வாயைத் திறப்பேனா?

மறுநாள் மத்தியானம் விடியுமுன்னே நடந்து மலையிறங்கியிருந்த முத்துலட்சுமி, கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிட்டாள். சீட் கிடைத்துவிட்டது! ஆபீசே கைதட்டியது. மாமா நெஞ்சை நிமிர்த்தி நின்றார். அப்போது வாசலில் இன்ஸ்பெக்டர்.

"எடோ தங்கப்பா, என் குரல் சுமாரோ?"

மாமா அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கை தானாக சல்யூட்டுக்குப் போனது.

"சார்... அப்போ நேத்து... அது நீங்கதானா?"

எங்கள் ஆபீசில் தப்பான ஆளிடம் போய்ச் சேர்ந்தது, இன்றுவரை அந்த ஒரு திட்டு மட்டும்தான்.