நான் எழுதிக் கொடுத்த நான்கு கடிதங்கள்

என் தங்கை இருதயமேரி திண்டிவனத்தில் ஒரு பட்டறையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறாள். பெருமுக்கல் பக்கத்து விவசாயிகள் எரிந்துபோன மோட்டாரைக் கொண்டுவந்தால், "மேரி கட்டுனாதான் தாங்கும்" என்று சொல்லித்தான் இறக்கி வைப்பார்கள். அப்படிப்பட்டவள் நான்கு வருடமாக 'ட்ரெயினி'. மாதம் ஆறாயிரம். பக்கத்து மேசையில் அதே வேலை செய்யும் கோபிக்குப் பதிமூன்றாயிரம்.

அவளை அங்கே சேர்த்தவன் நான். பயிற்சி பெறுபவளாகவே தொடர அனுமதிக்கும்படி ஒவ்வொரு ஜூன் மாதமும் அவள் பெயரில் கடிதம் கேட்பார் முதலாளி துரைக்கண்ணு. நான் ஒன்பதாவதோடு நின்றவன்தான். ஆனாலும் எங்கள் தெருவில் மனு எழுத என்னிடம்தான் வருவார்கள். ஸ்கேல் வைத்து மார்ஜின் போட்டு, தேதியிட்டு எழுதி நீட்டுவேன். மேரி கையெழுத்துப் போடுவாள்.

நான்காவது தடவை கேட்டாள்: "இன்னும் என்னண்ணா கத்துக்கினு இருக்கேன்?"

"வேலை குடுத்தவர அப்படிப் பேசாத" என்றேன்.

பிறகு கோபி சொல்லி, முழுச் சம்பளம் கேட்டு விழுப்புரம் தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தாள். அதை என்னிடம் எழுதச் சொல்லவில்லை. விசாரணைக்கு நான் துணைக்குப் போனேன்.

துரைக்கண்ணு நான்கு கடிதங்களையும் மேசையில் பரப்பினார். "அந்தப் பொண்ணே கேட்டு எழுதிக் குடுத்துருக்குது சார். எழுத்தப் பாருங்க, அச்சடிச்ச மாதிரி."

அதிகாரி மேரியைப் பார்த்தார். "நீங்களாம்மா எழுதுனது?"

"ஆமா சார்."

என் மானத்தைக் காப்பாற்றத்தான் பொய் சொல்கிறாள் என்று தெரிந்தது. அந்தக் கடிதங்கள் செல்லுமென்றால் அவளுக்கு ஆறாயிரம்தான் என்றும் தெரிந்தது. அப்படியும் நான் வாய் திறக்கவில்லை.

அதிகாரி முதலாளியிடம் திரும்பினார். "பயிற்சி ஒப்பந்தம் பதிவு பண்ணியிருக்கீங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க."

"அப்ப இவங்க தொழிலாளி. குறைச்சலா வாங்கிக்கிறேன்னு எழுதியே குடுத்தாலும் செல்லாது. குறைந்தபட்சக் கூலி குடுத்துதான் ஆகணும். எத்தனை வருஷம் வேலை பார்த்தாங்கன்றதுக்கு நீங்க குடுத்த கடிதங்கள்ல இருக்கிற தேதிங்களே போதும். பாக்கி எவ்வளவுன்னு அடுத்த விசாரணையில பாப்போம்."

அதற்குப் பிறகுதான் எழுந்தேன். "சார், அது என் எழுத்து."

"இப்ப அது தேவையில்லைங்க. உக்காருங்க."

அன்றைய விசாரணைக் குறிப்பில் மேரி கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. என் பேனாவை வாங்கிக்கொண்டாள். உடனே போடவில்லை. விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கடைசிவரை படித்தாள். நான் நீட்டிய நான்கில் ஒன்றைக்கூட அவள் படித்ததில்லை.