அழுத்தாமல் விட்ட கை

இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எங்கள் எக்கோ அறையின் டெக்னீஷியனுக்கு ‘அமுக்கு அக்கா’ என்று பெயர். நோயாளிகள் வைத்த பெயர், பொருத்தமான பெயர். ஜெல் தடவிய கருவியை இடது விலா எலும்புகளுக்கு நடுவே வைத்து ஓர் அழுத்து அழுத்தினால், வாட்டசாட்டமான ஆள்கூட "அம்மா!" என்பார். "வலிக்குதா? வலிக்கட்டும். இதயத்தோட நுனி உள்ளே ஒளிஞ்சிருக்கு, கெஞ்சினா வெளிய வராது" என்பார் அக்கா. ஆட்களை உள்ளே விடுவதும், உடை மாற்ற உதவுவதும் என் வேலை. அக்காவின் வாய்க்குத் தினமும் முதல் பலி நான்தான். ஆனாலும் அவர் விடுப்பு எடுத்தால் எனக்கு அந்த அறையே பிடிக்காது.

சில மாதங்களுக்கு முன் புதிய மென்பொருள் வந்தது. படத்தைக் காட்டினால் போதும். இதயத்தின் உட்சுவரில் தானே கோடு போட்டு, ஒவ்வொரு துடிப்பிலும் அது நூற்றுக்கு எவ்வளவு ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்று சொல்லிவிடும். சரியாக இருந்தால் பச்சை, குறைந்தால் சிவப்பு. அதற்காக ஏசியை மாற்றினார்கள், மேசையை மாற்றினார்கள். "வந்துட்டாரு மாப்பிள்ளை" என்றார் அக்கா. அன்றிலிருந்து அது மாப்பிள்ளைதான். ஆனால் கணக்கில் கெட்டி என்று என்னிடம் மட்டும் ஒப்புக்கொண்டார்.

அன்று காலை வந்தது அக்காவின் சொந்தத் தங்கை. இடது மார்பில் புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்து ஊசி மருந்து ஏறிக்கொண்டிருந்தது. கட்டியைக் கொல்லும் அந்த மருந்து இதயத்தையும் பதம் பார்க்கும். அதனால்தான் அடுத்த தவணைக்கு முன்னால் எக்கோ. ஐம்பதுக்குக் கீழே போனால் மருந்து நிறுத்தம். சொந்தக்காரர்களை நாமே பார்க்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். ஆனால் இன்னொரு டெக்னீஷியன் காய்ச்சலில் கிடந்தார், மருந்தோ மதியமே ஏற வேண்டும்.

"படி ஏறினா மூச்சு வாங்குதாடி?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. சீக்கிரம் பாரு."

தங்கை இடப்பக்கமாகத் திரும்பிப் படுத்தாள். கருவி உட்கார வேண்டிய இடத்தில்தான் தையல் தழும்பு, இன்னும் சிவந்திருந்தது. அக்காவின் கை தழும்பின் ஓரத்திலேயே நின்றுவிட்டது. தூங்குகிற குழந்தையைத் தொடுவதுபோல் தொட்டார். அந்தக் கையை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. மாப்பிள்ளை கோடு போட்டார். ஐம்பத்தைந்து. பச்சை.

"பாஸாக்கா?"

"பாஸ்டி" என்றார் அக்கா. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. படத்தை டாக்டருக்கு அனுப்பும் பட்டன்மேல் விரலை வைத்தார். வைத்தபடியே இருந்தார். கண் திரையை விட்டு நகரவில்லை.

"என்னக்கா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"நுனி மழுங்கி இருக்கு பாரு."

பார்த்தேன். கருவி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் இதயம் நுனி வெட்டுப்பட்டுக் குட்டையாகத் தெரியும். நன்றாகத் துடிப்பதுபோலவும் தெரியும். மாப்பிள்ளைமேல் தப்பில்லை. காட்டியதை அளந்தார். தப்பாகக் காட்டியது அக்காவின் கை.

"இன்னொரு தடவை படு" என்றார் அக்கா.

"எதுக்கு? அதான் பாஸ்னு சொன்னியே?"

"படுன்னா படு."

தங்கைக்குப் புரிந்துவிட்டது. "அக்கா, மருந்து நின்னா கட்டி திரும்ப வந்துடும்கா. எம்பொண்ணு இன்னும் பள்ளிக்கூடம்கூட முடிக்கல. அம்பத்தஞ்சோட விட்டுடுக்கா."

அக்கா அவள் தோளைப் பிடித்துப் படுக்க வைத்தார். தழும்பின் மேலேயே கருவியை வைத்து அழுத்தினார். தங்கை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அலறினாள். போதும்கா என்று கத்தத் தோன்றியது எனக்கு. திரையில் இதயம் நீண்டது, நுனி வந்தது. சுவர்கள் சோம்பலாக அசைந்தன. நாற்பத்துநான்கு. சிவப்பு. அந்தப் படத்தைத்தான் அனுப்பினார்.

டாக்டர் உடனே வந்தார். இந்த நிலையில் மருந்து ஏற்றினால் இதயம் தாங்காது என்றார். இதயத்துக்கு மாத்திரை எழுதினார். சில வாரம் கழித்து மறுபடி எக்கோ, தேறியிருந்தால் மறுபடி மருந்து. தேறாவிட்டால் என்ன என்று யாரும் கேட்கவில்லை.

டாக்டர் போனபின் தங்கை முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அடுத்த தடவையும் நீயே பாருக்கா. வேற யாரு நல்லாருக்குன்னு சொன்னாலும் நான் நம்பமாட்டேன்."

"மாட்டேன்டி" என்றார் அக்கா. "நீ பொழைக்கணும்ங்கற ஆசையில என் கை பொய் சொல்லிடுச்சு. மறுபடியும் சொல்லும்."

தங்கை அலறியபோதுகூட அசையாதவர், அப்போதுதான் உடைந்து அழுதார்.