தண்ணீர்த் தகராறில் சாகிறவர்

தேத்தண்ணி குடித்த கையோடு பிரதாபன் எழுந்து, நடு ஹாலில் நின்று, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கம்பளத்தில் சரிகிறார். முதலில் முழங்கால், பிறகு தோள், கடைசியாக முகத்தின்மேல் தொப்பி. லண்டன் மோர்டனில் வேறெந்த வீட்டிலும் சனிக்கிழமை இப்படி விடியாது. குசினியிலிருந்து மனைவி பாலாம்பிகையின் குரல் வருகிறது: "செத்து முடிஞ்சால் எழும்பி வந்து வெங்காயத்தை வெட்டித் தாங்கோ."

வார நாட்களில் அவர் பஸ் ஓட்டுகிறார். கோடைகால ஞாயிறுகளில் அமெரிக்காவில் மாட்டுப்பண்ணை வைத்திருக்கிறார். பழைய அமெரிக்கக் கௌபாய் காலத்தின்மேல் பித்துப் பிடித்த சில லண்டன்காரர்கள் நகர ஓரத்துப் புல்வெளியில் ஒரு பண்ணைச் சண்டையை நடித்துக் காட்டுவார்கள். பெரிய பண்ணைக்காரன் ஓடையை முள்ளுக்கம்பி போட்டு அடைக்கிறான். மாடுகள் தாகத்தில் சாகின்றன என்று சின்னப் பண்ணைக்காரன் கம்பியை வெட்டுகிறான், சுடப்பட்டு விழுகிறான். மாடுகள் அட்டையில் செய்தவை. விழுகிறவர் நம்முடைய ஆள்.

"சுடுற ஆளாய் வாறீரோ எண்டும் கேட்டவை. துவக்கைத் தொடமாட்டன் எண்டு சொல்லிப்போட்டன். துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள், இஞ்சை வந்து அதைத் தூக்கிறதே?" என்பார். சாவதில் அவருக்கு ஆட்சேபணை கிடையாது.

ஆட்சேபணை இல்லாதது மட்டுமல்ல, பெரிய கர்வமும் உண்டு. "செத்தவன் அசையக்கூடாது. அசைஞ்சால் அது நித்திரை." மூக்கில் குளவி வந்து உட்கார்ந்தும் அசையாமல் கிடந்த கதையை பஸ் டிப்போவில் கேட்காதவர்கள் இல்லை. பார்க்க வருகிறவர்களுக்கு எல்லையாகக் கட்டிய கயிற்றுக்கு வெளியே கடைசி ஆள் கலையும் வரை எழும்பவும் மாட்டார்.

இந்த வருஷம் பனிக்காலம் முடிகிற நேரத்தில் அந்த நெஞ்சை அவர் உண்மையாகவே பிடித்துக்கொண்டார். இரத்தக்குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். பிறகு டொக்டர் எல்லாம் சரி என்றதும் மனுஷன் முதல் வேலையாகத் தொப்பியைத் தூசு தட்டினார்.

பாலாம்பிகை அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர். ஊரில் கேட்ட வெடிச்சத்தம் போதும் என்பது அவர் கட்சி. இந்தமுறை தானும் வருவதாகச் சொல்லிவிட்டார். "உண்மையாய் ஏதும் நடந்தால் எனக்கு எப்பிடித் தெரியும்? விழுந்து கிடக்கேக்கை ஒருக்கா காலை ஆட்டிக் காட்டுங்கோ."

"அது மட்டும் ஏலாது," என்றார் பிரதாபன்.

சண்டை நடித்த ஞாயிறன்று பாலாம்பிகை முன்வரிசையில் இருந்தார், காதைப் பொத்த இரண்டு கையும் தயாராக. கம்பி அறுந்தது. பெரிய பண்ணைக்காரன் துப்பாக்கியை நீட்டி விசையை இழுத்தான். வெடி வெடிக்கவில்லை. பிரதாபனுக்கு அதெல்லாம் கணக்கில்லை, நீட்டினால் விழுவது பழக்கம். முழங்கால், தோள், தொப்பி.

வெடிச்சத்தம் கேட்கவில்லையே என்று பாலாம்பிகை பதறியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சுடாமலே மனுஷன் விழுந்துவிட்டார் என்றால் வேறென்ன? கயிற்றுக்குக் கீழே குனிந்து, சேலையை ஒரு கையில் அள்ளிப் பிடித்துக்கொண்டு ஓடினார். "இஞ்சேருங்கோ! ஐயோ, இஞ்சை பாருங்கோ!"

தொப்பிக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது: "பாலா, தள்ளிப் போம். நான் செத்துப்போனன்."

பாலாம்பிகைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. புல்லிலேயே உட்கார்ந்து அழுதார், சிரித்தார், அடிக்கக் கையோங்கினார். நெஞ்சுக்குப் போன கை நினைவு வந்து தோளுக்கு மாறியது. செத்த பண்ணைக்காரனின் பெண்சாதியாக நடிக்கிறவர் என்று நினைத்துச் சனம் கைதட்டியது.

"போம் எண்டு சொல்லுறன்."

"காலை ஆட்டினால்தான் போவன்."

கைதட்டல் ஓய்ந்தது. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொப்பி அசையவில்லை, மூச்சும் தெரியவில்லை. பாலாம்பிகையும் எழும்புவதாக இல்லை.

பிணத்தின் வலதுகால் சப்பாத்து மெல்ல ஒருதரம் இந்தப் பக்கமும், ஒருதரம் அந்தப் பக்கமும் ஆடியது.