கொப்பளித்தால் போகாதது

பல் தொழிலில் இருப்பவன் எதிரே யாரும் முழுசாகச் சிரிக்க மாட்டார்கள்; கல்யாண வீட்டில்கூடக் கையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பார்கள். நீங்களும் இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவரானால் இந்தக் கஷ்டம் உங்களுக்குத் தெரிந்ததுதான். எழுபதுகளில் மலேசியாவின் ஈப்போவில் ஒரு அரசாங்கப் பல் கிளினிக்கின் பின்னறையில் நான் பொய்ப்பல் செய்துகொண்டிருந்தேன். மாவு குழைத்து, அச்சு வார்த்து, விளக்கடியில் காயவைத்து, தேய்த்து மெருகேற்றிக் கொடுக்கும் வேலை. எண்பதுகளின் தொடக்கத்தில் மகேஸ்வரி டாக்டர் மாற்றலாகி வந்தார். என்னை வேறொரு கூத்தில் இழுத்துவிட்டார்.

அவர் யாழ்ப்பாணத்து வம்சம். பிறந்தது ஈப்போதான் என்றாலும் பேச்சில் அந்த வாடை போகவில்லை. பல்லில் படியும் அழுக்குப் படலம் உள்ளே எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, பல்லை எவ்வளவு பலமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார். காரணம் இருந்தது. சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளிகளுக்கு மாதாமாதம் போய்க்கொண்டிருந்த டூத் பிரஷ் பெட்டிகளை நிறுத்தப் போவதாக எங்கள் கிளினிக்கின் தலைவரான பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். சாப்பிட்டதும் நன்றாகக் கொப்பளித்தால் அழுக்கு தானாகப் போய்விடும் என்பது அவர் கட்சி. போகாது என்று நிரூபிக்க எங்களுக்கு வருஷக் கடைசிவரை தவணை. முடியாவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்குப் பிரஷ் கிடையாது.

நாலு நாள் விரதம்

பல்லைப் பிடுங்காமல் படலத்தை எடுப்பது எப்படி? என் கைத்தொழில் உதவிற்று. அண்ணத்தில் ஒட்டி உட்காரும்படி ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தகடு செய்தேன். அதன் ஓரத்தில், நாக்கு படாத இடத்தில், நகத்துண்டு அளவுக்கு ஒரு பட்டை. அதை மாட்டிக்கொள்பவர் நாலு நாள் பல் விளக்கக் கூடாது. ஐந்தாம் நாள் பட்டையைக் கழற்றினால் அதன்மேல் படலம் வளர்ந்திருக்கும்.

தகடு தயார், வாய்தான் கிடைக்கவில்லை. நாங்கள் குடியிருந்த சிலிபினில் எங்கள் வரிசையில் வீடு வீடாகக் கேட்டேன். ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றும் கேட்டுப் பார்த்தேன். எல்லாரும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு நழுவினார்கள். கடைசியில் நானே முதல் ஆளாக மாட்டிக்கொண்டேன். மூன்றாம் நாள் சுவரைப் பார்த்துத்தான் பேசினேன். என் மனைவி பிலோமினா சோற்றுத் தட்டைத் தூரத்திலிருந்தே தள்ளிவிட்டுச் சொன்னாள்: "ஊரெல்லாம் பல்லு வெலக்குன்னு சொல்ற ஆபீஸ்ல, வெலக்காதேன்னு சொல்லிச் சம்பளம் வாங்குற ஒரே ஆளு நீங்கதான் லா."

சவரிமுத்துவின் பளபளப்பு

என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, கோயில் பாடகர் குழுவில் இருந்த சவரிமுத்து சம்மதித்தான். லாரி ஓட்டுகிறவன், சொன்ன சொல் தவறாதவன். ஐந்தாம் நாள் அவன் பட்டையை ஆவலோடு மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தோம். கழுவி வைத்த கண்ணாடி டம்ளர்கூட அவ்வளவு சுத்தமாக இருக்காது. டாக்டரின் முகம் வாடிவிட்டது.

அவனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் விசாரித்தேன். முதலில் மழுப்பினான். அப்புறம், அதற்கு முந்தின நாள் சித்தியவான் ஊருக்குப் பெண் பார்க்கப் போனதை ஒப்புக்கொண்டான். கரித்தூளும் உப்பும் சேர்த்து, தகட்டையும் விடாமல் தேய்த்திருக்கிறான். ஆராய்ச்சி கெட்டுப்போச்சே என்று நான் கத்தினேன். அவன் நிதானமாகக் கேட்டான்: "பொண்ணு வீட்டுல பல்லப் பாத்துட்டுத்தான் அண்ணே கோப்பியே குடுக்குறாங்க, உங்க மைக்ராஸ்கோப்பா எனக்குப் பொண்ணு குடுக்கும்?"

என் கை செய்த பிழை

பிறகு ஆட்கள் கிடைத்தார்கள், பட்டைகளும் சேர்ந்தன. ஆனால் என் பட்டை உட்பட எதைப் பார்த்தாலும் ஒரே காட்சி: சப்பையாக, வெடிப்பு விட்ட ஒரு பொருக்கு. கட்டுமானமாவது ஒன்றாவது. மாதங்கள் போயின. டாக்டர் மத்தியானச் சாப்பாட்டைத் தொடாமலே மூடிவைக்க ஆரம்பித்தார். பெரிய டாக்டர் சொல்வதுதான் சரியோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஒருநாள் என் மேசை விளக்கின் பல்பு வெடித்தது. ஸ்டோரில் வேறு பல்பு இல்லை. அன்று வந்த பட்டையை உப்புத் தண்ணீரில் போட்டு அப்படியே டாக்டரிடம் கொடுத்தேன். அவர் ஈரத்தோடு வைத்து, ஓரத்தில் ஒரு சொட்டுச் சாயம் விட்டார். நான் எட்டிப் பார்த்தேன். திட்டுத் திட்டாக மேடுகள். நடுவில் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளுக்கு இடையே ஓடும் சந்துகளைப் போல வழிகள். சாயம் அந்த வழியாக உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

டாக்டர் மெதுவாக என் பக்கம் திரும்பி, இதுவரை பட்டைகளை என்ன செய்து கொடுத்தீர்கள் என்று கேட்டார். காயவைத்துத்தான் கொடுத்தேன் என்றேன். பொய்ப்பல்காரன் எதையும் ஈரமாகக் கையைவிட்டு அனுப்ப மாட்டான். அந்தப் பழக்கத்தில் வந்த அத்தனை பட்டையையும் விளக்கடியில் நன்றாகக் காயவைத்தே கொடுத்திருக்கிறேன். காய்ந்ததும் எல்லாம் இடிந்து உட்கார்ந்துவிட்டிருக்கிறது. அவமானத்தில் எனக்குக் காது சுட்டது. திட்டுவார் என்று நின்றேன். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஆரோக்கியம், இவ்வளவு மாசமும் நாங்கள் வீட்டை இடிச்சுப் போட்டிட்டு வாசல் எங்கையெண்டு தேடியிருக்கிறம்."

அஞ்சலை அக்கா பார்த்தது

அடுத்தது பலம். டிரிப் ஏற்றும் கம்பியில் ஒரு பாட்டில் தண்ணீரைத் தொங்கவிட்டு, குழாய் வழியாக ஈரப் பட்டைமேல் பாயவிட்டோம். பாட்டிலை உயர்த்த உயர்த்த வேகம் கூடும். மேடுகள் சாய்ந்தன, நூலாக இழுபட்டன, ஆனால் பிடியை விடவில்லை. தண்ணீரை நிறுத்தினால் பழையபடி எழுந்து உட்கார்ந்துகொண்டன. இது திடப்பொருளா, கூழா என்று டாக்டர் புத்தகம் புத்தகமாகப் புரட்டினார்.

அன்று பட்டை கொடுக்க வந்திருந்தவர் எங்கள் பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கும்வரை இருபது வருஷம் ரப்பர் பால்மரம் சீவி, கோப்பையில் பால் சேர்த்தவர். அவருடைய பட்டைதானே, அவரே பார்க்கட்டும் என்று டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டார். அக்கா ஒற்றைக் கண்ணால் பார்த்தார். இழுபடுவதையும் சுருங்குவதையும் இரண்டு தடவை செய்து காட்டச் சொன்னார். பிறகு, இதற்கா இவ்வளவு புத்தகம் என்பதுபோல எங்களைப் பார்த்துக் கேட்டார்: "கோப்பையில ஒட்டுன கட்டிப்பால யாராச்சும் தண்ணி ஊத்திக் கழுவுவாங்களா டாக்டரம்மா, சொரண்டில்ல எடுக்கணும்?"

பெரிய டாக்டரின் வாய்

வருஷக் கடைசியில் பெரிய டாக்டர் எங்கள் லேப்புக்கு வந்தார். எங்கள் படங்களைப் பார்த்துவிட்டு ஒதுக்கிவைத்தார். இவர்களுக்கெல்லாம் கொப்பளிக்கத் தெரியவில்லை, நான் ஒவ்வொரு வேளையும் பத்து முறை கொப்பளிப்பவன், என் வாயில் ஒன்றும் தங்காது என்றார். மகேஸ்வரி டாக்டர் அவரிடம் வாதாடவில்லை. என்னைப் பார்த்து, "ஐயாவுக்கு அளவெடுங்கோ" என்றார். நான் மாவு குழைத்து அச்சு எடுத்தேன். அவர் வாய் உண்மையிலேயே சுத்தமாக இருந்துவிட்டால், பெட்டிகள் அன்றோடு நின்றுவிடும்.

நாலு நாளும் அவர் கொப்பளிக்கும் சத்தம் எங்கள் லேப் வரைக்கும் கேட்டது. ஐந்தாம் நாள் பட்டையை ஈரம் போகாமல் வாங்கி வைத்தேன். அவரே உட்கார்ந்து பார்த்தார். மேடுகளும் சந்துகளுமாக ஒரு கம்பமே, ஒரு முழுக் கிராமமே எழும்பியிருந்தது. நான் பாட்டிலை உயர்த்தினேன், இன்னும் உயர்த்தினேன், கடைசியில் ஸ்டூல்மேல் ஏறிக் கூரைவரைக்கும் தூக்கிப் பிடித்தேன். சாய்ந்தது, இழுபட்டது, போகவில்லை. குழாயை அடைத்ததும் எழுந்து உட்கார்ந்தது. மகேஸ்வரி டாக்டர் ஒரு பிரஷை எடுத்து, பட்டையின் பாதியை மட்டும் ஒரே இழுப்பு இழுத்துவிட்டு மறுபடி கீழே வைத்தார். அந்தப் பாதி மொட்டையாக இருந்தது.

பெரிய டாக்டர் மறுபடி குனிந்து இரண்டு பாதியையும் மாறி மாறிப் பார்த்தார். ஸ்டூல்மேல் நின்ற எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும்போல இருந்தது. அரசாங்க வேலையாயிற்றே என்று அடக்கிக்கொண்டேன். அவர் எழுந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, கதவுவரை போய்த் திரும்பினார். "சிலிம் ரிவருக்குப் பெட்டி போகட்டும்," என்றார். "கட்டுறதுக்கு முன்னால அதுல ஒரு பிரஷ் எடுத்து என் மேசையில வை."

ஊரார் பல்லழுக்கைக் காயவிடாமல் காப்பாற்றி, அதைக் கொண்டே தலை நிமிர்ந்து நடந்தவன் பேராக் மாநிலத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.